இருபத்துமூன்றாவது எறும்பு

பூச்சியும் செடியும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தொட்டாற்சிணுங்கிக்கு அந்தப் பெயர் கிடையாது. யார் தொட்டாலும் சிணுங்காது. வயல் வரப்பில், ஓர் எறும்புப் புற்றின் வாசலில், பாதித் தூக்கத்தில் இருப்பதுபோல் ஆடிக்கொண்டே எறும்புகளுக்குக் கணக்கு வைத்துக்கொண்டிருந்தது.

அதற்கு ஐந்தே இலைகள். நுனி இலை திறந்திருந்தால் ஓர் எறும்பு வெளியே போயிருக்கிறது என்று பொருள். அடுத்த இலைக்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு, பிறகு எட்டு, அடியிலைக்குப் பதினாறு. மூடிய இலைக்கு ஒன்றுமில்லை. திறந்தவற்றைக் கூட்டினால் வெளியே எத்தனை பேர் என்று தெரிந்துவிடும்.

இலைகளைத் திறப்பதும் மூடுவதும் நண்டாரின் வேலை. பத்துக் கால் படைத்தவர் அல்லவா, எதையும் பத்துப் பத்தாகத்தான் சொல்வார். அன்று காலை பத்தொன்பது பேர் இரை தேடப் போனார்கள். பதினாறு, இரண்டு, ஒன்று என மூன்று இலைகளைத் திறந்து வைத்தார். மதியம் இன்னும் நான்கு பேர் கிளம்பினார்கள். அவர்களில் ஒருத்தி, வாசல் காக்கும் வேலம்மையின் தங்கை பொடிச்சி.

"மாமா, எங்க நாலு பேரையும் சேத்துக்குங்க. அக்கா உள்ள முட்டையை எல்லாம் மேலறைக்குத் தூக்கிட்டிருக்கா."

"அதுக்கென்ன தாயி! நாலுக்குரிய இலை மூடித்தானே கிடக்கு. அத மட்டும் திறந்தாப் போதும், மத்ததத் தொடவே வேண்டாம்." கொடுக்கு நுனியால் அந்த ஒற்றை இலையை நீவிவிட்டார். "ஆச்சு. ரெண்டு பத்தும் ஒரு மூணும்."

நால்வரும் போய்க் கொஞ்ச நேரத்தில் இடி இடித்தது. நண்டார் பயந்தாங்கொள்ளி. வளையைப் பார்த்து ஓட்டம் பிடித்தார். நேராக ஓடியிருந்தால் ஒன்றுமில்லை. பக்கவாட்டில் ஓடியதில் அவருடைய முதுகு ஓடு செடி முழுவதையும் இடித்துவிட்டது. ஐந்து இலைகளும் அதிர்ந்து மூடிக்கொண்டன.

வேலம்மை மேலே வந்து பார்த்தாள். "ஒரு இலையும் திறக்கல. எல்லாரும் வந்தாச்சு." மண்ணுருண்டையால் வாசலை அடைத்தாள். மழை கொட்டத் தொடங்கியது.

வெளியே இருபத்துமூன்று பேர் இருப்பது செடிக்குத் தெரியும். தானாக இலை திறந்து அதற்குப் பழக்கமே இல்லை. முக்கி முனகி அடியிலையைத் திறந்தது. பிறகு நான்கை. பிறகு இரண்டை.

மனது கேட்காமல் இடுக்கு வழியே எட்டிப் பார்த்த வேலம்மை திடுக்கிட்டாள். "பதினாறு... நாலு... ரெண்டு. ஐயோ, இருபத்திரண்டு பேர் வெளிய நிக்குறாங்க!"

வாசலைத் திறந்தாள். நனைந்து நடுங்கிய எறும்புகள் உள்ளே வந்தன. ஒவ்வொருவராக எண்ணினாள். இருபத்திரண்டு. கணக்குச் சரி. வாசலை மறுபடி அடைத்தாள்.

ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "பொடிச்சி எங்கே?"

மண்ணைப் பிய்த்துக்கொண்டு வெளியே ஓடினாள். வரப்பில் வெள்ளம்தான் ஓடிக்கொண்டிருந்தது. செடியின் நுனியில் அந்தச் சின்ன இலை அப்போதுதான் திறந்து முடித்திருந்தது. வேலம்மை அழுதாள். செடியும் அழுதது.

அன்று முதல்தான், எந்த இலையைத் தொட்டாலும் தொட்டாற்சிணுங்கி பதறிப்போய் எல்லாவற்றையும் மூடிக்கொள்கிறது. தொட்டவர் போனபின் மெல்ல மெல்லத் திறந்து பழைய கணக்கைத் தேடுகிறது. எறும்புகள் இப்போது அதை நம்புவதில்லை. எதிரே வரும் ஒவ்வொருத்தியையும் நிறுத்தி, உணர்கொம்பால் முகத்தைத் தடவி, "நீ பொடிச்சியா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகின்றன.