கறுப்பாகத் தெரிந்த வயல்

சத்தியம், சத்தியம், சத்தியம்! இதில் ஓர் எழுத்து பொய்யானாலும் என் மீசை இந்த நிமிஷமே உதிரட்டும்.

மங்களவல்லி அம்மாள் செயற்கைக்கோள் நிலையத்து வேலையை உதறிவிட்டு ஆற்றங்கரையில் ஆசிரமம் போட்டவர். வானத்திலிருந்து ரேடார் எடுத்த படத்தைப் பார்த்தே எந்த மண் ஈரம், எந்தப் பயிர் வாட்டம் என்று சொல்லிவிடுவார். சீடர்கள் இருவர். மருதவாணர் குருவைவிட மூத்தவர், நரைத்த தலை. பூவராகன் நேற்று வந்தவன். ஆளுக்கொரு வயலில் உளுந்து விதைக்கச் சொன்னார் அம்மாள். நன்றாக விளைவிப்பவர் கையில்தான் ஆசிரமம்.

முதல் பாடம் நடந்தது.

"படத்துல ஈரமண் வெளுப்பாத் தெரியும். காய்ஞ்ச மண் கறுப்பாத் தெரியும். இன்னொண்ணும் இருக்கு..."

அந்த இன்னொன்றைக் கேட்க மருதவாணர் அங்கே இல்லை. திரையில் பூவராகன் வயலைத் தேடப் போய்விட்டார்.

அது வெள்ளிக்கிண்ணமாய் மின்னியது. தம்முடையது சற்று மங்கல். வயிறு பற்றி எரிந்தது. அவர் விட்ட பெருமூச்சில் வேலியோரப் பூசணிக்கொடி கருகிப்போனது. கண்ணால் கண்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே செல்போனைத் தட்டித் தம் வயல் மோட்டாரை ஓடவிட்டார். அடுத்த படத்தில் வயல் கறுத்தது. இன்னும் ஓடவிட்டார். தார் பூசியதுபோல் ஆனது.

குருவிடம் ஓடினார்.

"அம்மா, பூவராகன் என் தண்ணியைத் திருப்பிக்கிறான்!"

"பார்த்தீங்களா?"

"படத்துல தெரியுதே. அவனுது வெள்ளி, என்னுது கரி."

"வயலுக்குப் போனீங்களா?"

"படம் இருக்கும்போது வயல் எதுக்கும்மா?"

அம்மாள் எழுந்தார். "வேட்டியை மடிச்சுக் கட்டுங்க."

வரப்பிலிருந்து காலை வைத்த மருதவாணர் முழங்கால்வரை இறங்கினார். ஒரு தவளை அவர் தோளில் ஏறி உட்கார்ந்தது. உளுந்து அழுகி மிதந்தது.

"இவ்வளவு தண்ணியா! அப்புறம் ஏம்மா கறுப்பு?"

"மண்ணும் இலையும் சொரசொரப்பு. ரேடார் அலை பட்டாச் சிதறி, கொஞ்சமாவது திரும்பி மேலே போகும். அதுதான் வெளுப்பு. தேங்கின தண்ணி கண்ணாடி மாதிரி. சாய்ஞ்சு வர்ற அலையை அப்படியே அந்தப் பக்கம் தள்ளிடும். வானத்துக்கு ஒண்ணும் திரும்பாது."

"இதை அன்னைக்கே சொல்லக் கூடாதா?"

"சொன்னேன். பூவராகன் கேட்டுக்கிட்டார்."

"அவனுக்கு மட்டும் தனியாவா?" மருதவாணரின் காது சிவந்தது. சேற்றில் நின்றபடியே பக்கத்து வயலை எட்டிப் பார்த்தார். அங்கே பூவராகன் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தான்.

"அவன் உளுந்து என்ன உயரம் இருக்கும்மா?"

அம்மாள் வரப்பில் உட்கார்ந்தார்.

"உங்க உளுந்து என்ன உயரம் வளர்ந்திருந்துச்சு?"

மருதவாணர் குனிந்து, மிதந்த செடி ஒன்றை எடுத்தார். முதன்முறையாக அதைச் சாணால் அளந்து பார்த்தார்.

இதைச் சொன்னது யார் என்று மட்டும் எவரிடமும் மூச்சு விடாதீர்கள். காலைக் காப்பி எனக்கு மருதவாணர் வீட்டில்தான்.