நெல் மேல் நின்றும் கோழி கிளறுவது ஏன்

அந்தக் காலத்தில் கோழிகள் எல்லாம் காட்டில்தான் இருந்தன. ஆளோடு ஆளாகப் பேசவும் செய்தன. அதில் செவலி என்று ஒரு கோழி, எதையும் நம்பாது. மழை பெய்தால்கூட யார் ஊற்றுகிறார்கள் என்று மேலே பார்க்கும்.

ஆற்றோரம் குடிசை போட்டிருந்த சடச்சிக்கு அதன் முட்டை வேண்டும். கட்டிப்போட்டால் பயத்தில் முட்டையிடாது. அதனால் வாசல் மண்ணுக்குள் சோளத்தைப் புதைத்து வைத்தாள். செவலி ஒரு கிளறு கிளறினால் ஒரு சோளம்.

"எதுக்கு சும்மா தர்ற?" என்றது செவலி.

"பாசம்தான்."

"அப்போ நேத்து நான் போட்ட முட்டை எங்கே?"

"கீரி கொண்டுபோயிருக்கும் தாயி."

கீரியாம். சடச்சி வாயோரத்தில் மஞ்சள் கரு காய்ந்திருந்தது.

செவலியின் தங்கை கருக்கி வந்தது. "அக்கா, ஆறு பெருகுறதுக்குள்ள அந்தக் கரைக்குப் போயிடணும். இங்கேயே கிடந்தா ஒரு குஞ்சுகூடப் பார்க்க மாட்டே."

"கிளறி ஒண்ணும் வராத அன்னைக்கே கிளம்பிடுவேன்டி. அவ புத்தி எனக்குத் தெரியும்."

குடிசைக்குள் இருந்த சடச்சி கேட்டுவிட்டாள். மறுநாள் நாலே நாலு சோளத்தை எடுத்து, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புதைத்தாள்.

செவலி கிளறியது. இல்லை.

"பார்த்தியா, ஏமாத்துக்காரி!" இறக்கையை விரித்தது. கருக்கி தண்ணீரோரம் காத்து நின்றது. ஆறு கலங்கி ஏறிக்கொண்டிருந்தது.

"இரு, ஒரே ஒரு கிளறு. சரியாப் பார்க்காம குத்தம் சொல்லக் கூடாதில்ல."

இல்லை. இன்னொன்று. இல்லை. ஏழாவதில் ஒரு சோளம்.

அதுதான் கெடுத்தது. தினமும் கிடைத்த நூறு சோளம் செய்யாததை அந்த ஒன்று செய்துவிட்டது. சடச்சியைச் சந்தேகப்பட்ட செவலி, இப்போது மண்ணைச் சந்தேகப்பட ஆரம்பித்தது. இங்கே இல்லையா, அப்போ பக்கத்தில் ஒளித்திருக்கிறாள்.

"அக்கா, தண்ணி ஏறிடுச்சு!"

"வந்துட்டேன்டி, இதோ, இது ஒண்ணு!"

கருக்கி தனியாகப் பறந்தது. செவலியின் கண்ணெதிரிலேயே சடச்சி முட்டையை எடுத்துப் போனாள். செவலி தலையே தூக்கவில்லை.

ஆளைக் கண்டதும் பறக்கிற காட்டுக்கோழி கருக்கியின் வம்சம். வீட்டுக்கோழி செவலியின் வம்சம். அன்றைக்குத் தொடங்கியதுதான், நெற்குவியல் மேலேயே ஏற்றி விட்டாலும் கோழி இன்றுவரை அடியில் என்னமோ இருக்கிறது என்று கிளறிக்கொண்டே இருக்கிறது.