பெருச்சாளி வாசலுக்கு வெளியே தள்ளிய மண்

ஒரு காட்டில், மலைக்கே வயிற்றுவலி வரும்படி குடைந்துகொண்டிருந்தது ஒரு பெருச்சாளி. உள்ளே பளபளப்பான கற்கள் கிடைத்தன. அவற்றை மயில்களுக்குக் கொடுத்து மாம்பழம் வாங்கித் தின்றது.

கல் கைப்பிடியளவு, தோண்டிய மண்ணோ மலையளவு. வாசலில் குவிந்த மண்மேட்டை நிலாவே சுற்றிக்கொண்டு போனதாம். நம்பாவிட்டால் நிலாவையே கேளுங்கள்.

அந்த மண் சரிந்து கீழே குளத்தில் விழுந்தது. தண்ணீர் கூழாகிவிட்டது. தவளையின் குஞ்சுகள் மூச்சுவிடத் திணறின.

தவளை ஓடிவந்தது. "பெருச்சாளியண்ணே, உங்கள் மண்ணை அள்ளிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பிழைக்கமாட்டார்கள் போலிருக்கிறது."

"என் மண்ணா?" என்று மீசையை நீவியது பெருச்சாளி. "வளைக்குள் இருப்பதுதான் என்னுடையது, தங்கச்சி. வாசலைத் தாண்டிய எதுவும் என்னுடையது இல்லை."

தவளையோடு வந்திருந்த நண்டு கண்ணை நீட்டிப் பார்த்தது. "அருமையான பேச்சு அண்ணே. காட்டு வழக்கெல்லாம் தீர்க்கும் யானையார் காதிலும் விழட்டும், இன்னொரு தரம் சொல்லுங்கள்."

புகழ்ச்சியில் மயங்கிய பெருச்சாளி, யானையின் முன்னால் போய் நின்று உரக்கச் சொன்னது. யானை காதை ஆட்டிக் கேட்டுக்கொண்டது.

மறுநாள் மயில்கள் வரும் நேரம். பெருச்சாளி கற்களையெல்லாம் வெளியே கொண்டுவந்து வெயிலில் பரப்பியது. உடனே நண்டுக் கூட்டம் வந்து ஆளுக்கொரு கல்லாக உருட்டிக்கொண்டு நடந்தது.

"அடேய், என் கல்லடா அது."

"வாசலைத் தாண்டிவிட்டதே அண்ணே," என்றது நண்டு.

பெருச்சாளி யானையிடம் ஓடியது. "ஐயா, கல் என்னுடையது. நான் தோண்டியது."

"அப்படியானால் மண்ணைத் தோண்டியது யார்?"

"அதுவும் நான்தான் ஐயா," என்று இழுத்தது பெருச்சாளி.

"இரண்டும் ஒரே வாசல் வழியாக வந்தவை," என்றது யானை. "இரண்டையும் உன்னுடையது என்று சொல், இல்லையென்றால் இரண்டையும் விடு."

மாம்பழத்தை நினைத்ததும் பெருச்சாளிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. "இரண்டும் என்னுடையதுதான் ஐயா."

"நல்லது. உன் பொருள் தவளை வீட்டில் கிடக்கிறது. முதலில் அதை எடு. அதுவரை கல் நண்டிடம் இருக்கட்டும்."

"அவ்வளவு மண்ணையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்?"

பின்னாலேயே வந்திருந்த நண்டு சிரித்தது. "கல் எடுத்த பள்ளமெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறதே. அது என்ன, கொட்டாவியா விடுகிறது?"

பெருச்சாளி முதுகு ஒடிய மண் சுமந்தது. குளம் தெளிந்த பிறகுதான் கற்கள் திரும்பி வந்தன. அதன்பின் பழைய பள்ளத்தை மூடாமல் அது புதுப் பள்ளம் தோண்டியதே இல்லை.

தவளைக் குஞ்சுகள் ஒன்றுவிடாமல் பிழைத்தன. அந்த மழைக்காலத்தில் அவை போட்ட சத்தத்தில், இடி வெட்கப்பட்டுப் பக்கத்துக் காட்டுக்குப் போய் இடித்ததாம்.

நீதி: தோண்டி எடுத்த பொருளுக்கு உரிமை கேட்பவர், கொட்டிய கழிவுக்கும் பொறுப்பேற்க வேண்டும்.