பங்களா நரியாரின் கல்லுப்பு

தேவதாருக் காட்டுச் சரிவில் செவ்வந்தி என்றொரு முயல் குடியிருந்தாள். அவளுக்கு ஒரே குட்டி, சில்லு. முதல் பிள்ளை என்பதால் செவ்வந்திக்கு எதைப் பார்த்தாலும் பயம். இலை விழுந்தால் பயம். விழாமல் தொங்கினால் இன்னும் பயம்.

அந்தக் குளிர்காலத்தில் அவள் பயத்துக்குக் காரணமும் இருந்தது. வளை வாசலில் பனி இறுகிக் கண்ணாடியாய்க் கிடந்தது. வாசலைத் தாண்டினால் சரிவு; சரிவின் அடியில் சுனை. ஒருநாள் சில்லு வழுக்கிச் சுனையின் விளிம்புவரை உருண்டு, ஒரு வேரில் சிக்கி நின்றான். அன்றுமுதல் செவ்வந்தி விடிந்ததும் முன்னங்காலால் பனியைச் சுரண்டித் தள்ளுவாள். மேலே மணலும் காய்ந்த சருகும் தூவுவாள். நகம் தேய்ந்தது. ஆனால் குட்டி வழுக்கவில்லை.

அதே சரிவில் ஒரு நரியார் இருந்தார். மலையடிவார பங்களா ஒன்றின் பின்கட்டில் எச்சில் சோறு தின்று வளர்ந்தவர். தின்றது எச்சில் என்றாலும் கற்று வந்தது பெரிய மனுஷத்தனம். எல்லோரும் அவரைப் 'பங்களா அண்ணா' என்று கூப்பிட வேண்டும். கூப்பிடாதவர்கள் அவர் கண்ணில் படமாட்டார்கள்.

ஒரு காலையில் அவர் செவ்வந்தியின் வாசலில் நின்று மூக்கைச் சுளித்தார்.

"இது வாசலா, குப்பைமேடா?"

"வழுக்குதே அண்ணா. பிள்ளை இருக்கிற வீடு."

"கேக்கறேன்னு கோவிச்சுக்காதே. நீ உப்புப் போட்டுத்தான் சாப்பிடறியா?"

செவ்வந்தி விழித்தாள். "நான் புல்லுதானே திங்கறேன்?"

"அதான் பார்த்தேன். பங்களாவுல சமையல்கார அம்மா தோட்டக்காரனைத் தினமும் இதைத்தான் கேப்பாங்க. கேட்டதும் அவன் குனிஞ்ச தலை நிமிராம வேலை பார்ப்பான். உப்பு இருக்கிற இடத்துலதான் ரோஷம் இருக்கும், மரியாதை இருக்கும். அங்கே பனி விழுந்த வாசல்லயும் உப்பைத்தான் போடறாங்க. பனி தண்ணியா ஓடும். சுரண்டறது வக்கத்தவங்க வேலை!"

சொரணை கெட்டவனே என்று திட்டியதை மரியாதைக்கு மருந்து என்று படித்துக்கொண்டு வந்த மேதை அவர். பங்களாவில் ஒரு பிடி உப்புதான் தூவுவார்கள், பனி இளகியதும் கூட்டி அள்ளிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அவர் குப்பைத்தொட்டிக்குள் இருந்தார்.

பங்களாவிலிருந்து இழுத்து வந்த கல்லுப்பு மூட்டைகளில் ஒன்றைக் கிழித்துத் தன் வாசலில் கொட்டினார். மதியத்துக்குள் ஈரமண் தெரிந்தது. மறுநாள் பக்கத்து வளை முள்ளம்பன்றி அவரிடமே உப்பு வாங்கித் தன் வாசலில் இரண்டு மடங்கு கொட்டினாள். அப்புறம் சரிவு முழுக்கப் போட்டி. யார் வாசலில் உப்புக் குவியல் உயரமோ அவருக்குத்தான் முதல் வணக்கம்.

"ஊரே போட்டாச்சு. நீ ஒருத்திதான் சருகோட உக்காந்திருக்கே" என்றாள் முள்ளம்பன்றி.

"குட்டிக்கு ஒண்ணும் ஆகாதே அக்கா?"

"பங்களாவுல இல்லாத குட்டியா?"

செவ்வந்திக்குப் பனியிடம் பயம். அக்கம்பக்கத்தாரிடம் அதைவிடப் பயம். அவளும் வாங்கிக் கொட்டினாள்.

முதல் நாள் சுகமாக இருந்தது. அப்புறம் சில்லுவின் பாதம் சிவந்தது, வெடித்தது. எரிகிறதென்று அவன் நக்கினான். நக்க நக்கத் தாகம். சுனைக்கு ஓடிக் குடித்தான். குடிக்கக் குடிக்கத் தாகம் கூடியது. சாயங்காலம் வாந்தியெடுத்து, கால்கள் உதறச் சுருண்டு விழுந்தான்.

செவ்வந்தி சுனையில் நாக்கை வைத்துப் பார்த்தாள். கரித்தது. எல்லா வாசலின் உப்பும் உருகி அங்கேதான் இறங்கியிருந்தது.

நரியாரிடம் ஓடினாள். "அண்ணா, சுனை கரிக்குது. என் பிள்ளை சாகக் கிடக்கான்."

"உன் நாக்குக்குப் பழக்கமில்லை. போகப் போகச் சரியாயிடும்."

"உங்க கால் ஏன் நொண்டுது?"

"இது பங்களா நடை."

முள்ளம்பன்றியிடம் போனாள். அவள் தன் வெடித்த பாதத்தை வயிற்றுக்கடியில் மறைத்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "எனக்கும்தான் எரியுது. சத்தம் போடாதே. வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்."

மானமாம்! செவ்வந்தி திரும்பிப் பார்க்காமல் மேட்டுக்கு ஏறினாள். யார் உப்பும் தொடாத பனியை வாயில் கவ்வி வந்து, தன் நாக்கிலேயே உருக்கிக் குட்டியின் பாதத்தைக் கழுவினாள். சொட்டுச் சொட்டாக வாயில் விட்டாள். அவன் கக்கினான். மறுபடி விட்டாள். இடையிடையே வாசலின் உப்பு மண்ணைத் தோண்டி, புல் முளைக்காத பாறை இடுக்கில் கொண்டுபோய்த் தள்ளினாள். மணலையும் சருகையும் பழையபடி பரப்பினாள். சரிவில் சிரிப்பு கேட்டது.

"குப்பைக்காரி பழைய வேலைக்கே போயிட்டா" என்றார் நரியார்.

அன்றிரவு குளிர் முறுகியது. அந்தக் குளிருக்கு உப்பு போதவில்லை. இளகிக் கிடந்த தண்ணீர் மறுபடி இறுகி, முன்னைவிட வழுவழுப்பாக நின்றது. விடிந்தபோது, காற்றில் வந்த உப்பு வாசனையைப் பிடித்துக்கொண்டு கடமான் கூட்டமொன்று இறங்கி வந்தது. ஒவ்வொன்றும் ஒரு பாறை கனம். நக்கிய இடத்திலேயே நின்று மிதித்தன. முள்ளம்பன்றியின் வாசல் சரிந்தது. நரியாரின் வளைக் கூரை உள்ளே விழுந்தது.

நரியார் அலறிக்கொண்டு வெளியே பாய்ந்தார், தன் வாசலிலேயே வழுக்கி மல்லாந்தார். உப்பு மூட்டைமேல் படுத்து உறங்கியவர், வாலெல்லாம் உப்பு. ஒரு கிழக் கடமான் வாலை மிதித்துக்கொண்டு நிதானமாக நக்கத் தொடங்கியது.

"விடுய்யா! நான் யார் தெரியுமா? பங்களாவுல இருந்தவன்!"

"அதான் இவ்வளவு ருசியா?" என்றது கடமான், நாக்கை எடுக்காமல்.

கடைசியாக அந்தக் கூட்டம் செவ்வந்தியின் வாசலுக்கு வந்தது. குட்டியை நெஞ்சுக்கடியில் வைத்துக்கொண்டு அவள் மூச்சைப் பிடித்திருந்தாள். தலைக்குமேல் மண் உதிர்ந்தது. ஒரு பெரிய மூக்கு வாசலை முகர்ந்தது. "வெறும் சருகு" என்றது ஒரு குரல். குளம்பொலி தள்ளிப் போனது.

நெஞ்சுக்கடியில் ஏதோ அசைந்தது. "அம்மா, தண்ணி" என்றான் சில்லு. கொடுத்தாள். இந்தத் தடவை கக்கவில்லை.

வெயில் ஏறியதும் நரி அந்த வழியாக நொண்டிக்கொண்டு போனது. வாலில் ஒரு மயிர் மிச்சமில்லை, சுள்ளிபோல நீட்டிக்கொண்டிருந்தது. யாரும் அண்ணா என்று கூப்பிடவில்லை.

செவ்வந்தி மட்டும் சருகைத் தூவிக்கொண்டே கேட்டாள். "வால்ல கூட உப்புப் போட்டுக்கிட்டீங்களே, ரோஷம் வந்துதா?"

இலையுதிர்ந்தால் நடுங்குகிற முயல் பெண்ணுக்கு முகம் காட்ட முடியாமல் நரி சுனைப் பக்கம் ஓடியது. அங்கே குடிக்க நல்ல தண்ணீர் இல்லை; கரித்தது.

வாசல் பளிச்சென்று தெரியவேண்டும் என்பதற்காக, பிள்ளையின் பாதத்தையும் எல்லோரும் குடிக்கிற தண்ணீரையும் கெடுக்கிற வைத்தியத்தைக் கேள்வி கேட்காமல் அள்ளிக் கொட்டுகிறவர், பனியைவிடப் பெரிய ஆபத்தைத் தம் கையாலேயே வீட்டுக்குள் விடுகிறார்.