கயிறு அறுத்தவர்களுக்கு மோர்

“முடிச்சை இன்னும் எப்படி இறுக்கறதுன்னு சொல்லுங்கம்மா,” என்றார் ஏட்டய்யா.

பாவாயம்மா பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எந்த முடிச்சு?”

“கயித்து முடிச்சுதானுங்க. கட்டிட்டுப் போறாங்க, மூணே மாசத்துல அறுத்துப்போடறாங்க. முன்ன மாதிரி பயமே இல்ல.”

வாய்க்கால் கரை மடத்தில் தினமும் மத்தியானம் எல்லாருக்கும் சாப்பாடு உண்டு; அமாவாசைதோறும் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். இனிக் குடிப்பதில்லை என்று சாமி முன்னால் சத்தியம் செய்பவருக்கு வலது மணிக்கட்டில் கயிறு. மீறிக் குடித்துவிட்டால் அவரே அதை அறுத்து மடத்தின் கம்பிக் கதவில் கட்டிவிட வேண்டும். அதற்கப்புறம் வாசலை மிதிக்கக் கூடாது. கதவுக்குப் பக்கத்தில் பலகையே இருக்கிறது: ‘கயிறு அறுத்தவர்கள் உள்ளே வரக் கூடாது. மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.’

கயிறு கட்டிவிடுவது மாரப்பன். போலீசில் முப்பத்துநாலு வருஷம் இருந்து தலைமைக் காவலராக ஓய்வு பெற்றவர். ஊரில் யாருக்கும் அவர் பேர் ஞாபகமில்லை, ஏட்டய்யாதான். வயது அறுபத்திரண்டு. குரு பாவாயம்மாவுக்கு நாற்பத்தொன்று.

பழைய சாமி போன தை மாதம் சமாதியானார். போவதற்கு முன் நாலு வருஷம் கூடவே இருந்த ஏட்டய்யாவை விட்டுவிட்டுப் பாவாயம்மாவைக் குருவாக உட்கார வைத்தார். ஏட்டய்யாவுக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் குரு குருதான் என்று தினமும் காலையில் வந்து கைகட்டி நின்றுவிடுவார். அந்த மட்டில் நல்ல மனுஷன்.

“கதவுல தொங்கற கயிறெல்லாம் எடுத்துட்டு வாங்க,” என்றார் பாவாயம்மா.

கொண்டுவந்து தரையில் பரப்பினார். ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு சீட்டு, சீட்டில் பேர், அறுத்த தேதி. வழக்குப் பொருளுக்குச் சீட்டுக் கட்டிய கை சும்மா இருக்குமா?

பாவாயம்மா ஒன்றைக் கையில் எடுத்தார்.

“இது?”

“பால்கார நஞ்சப்பனுங்க. மாசியில அறுத்தது.”

“இந்த இன்னொண்ணுல சீட்டு இல்லையே?”



“அது எங்க மாப்பிள்ளையோடதுங்க.”

“அவரையும் உள்ள விடலையா?”

“மாப்பிள்ளைன்னா சட்டம் வேறயா? அமாவாசைக் கூட்டத்துல எல்லாருக்கும் முன்னாடி வெளிய போகச் சொன்னேன். அஞ்சு மாசம் ஆச்சு. மக வீட்டுக்கும் போகறதில்லை.” சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

“இவங்கெல்லாம் இப்ப எப்படி இருக்காங்க?”

“அதெப்படிங்க எனக்குத் தெரியும்? இங்கதான் வரக் கூடாதே.”

பாவாயம்மா எழுந்து உள்ளே போனார். மோர்த் தூக்கு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

“ஒவ்வொரு வீடாப் போய்க் கொடுத்துட்டு வாங்க.”

“குடிகாரனுக்கு மோரா?”

“அவங்க வீட்டுலயும் வெயில் அடிக்குதுல்ல?”

ஏட்டய்யா தூக்கை எடுக்கவில்லை.

“போய் என்னங்க சொல்லட்டும்?”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். எப்படி இருக்கீங்கன்னு கேளுங்க. பதிலை முழுசாக் கேட்டுட்டு வாங்க.”

முப்பத்துநாலு வருஷத்தில் அந்தக் கேள்வியை ஏட்டய்யா யாரிடமும் கேட்டதில்லை. எங்கே இருந்தே, யார் கூட இருந்தே, எத்தனை மணிக்கு என்று கேட்டிருக்கிறார். எப்படி இருக்கீங்க என்பது பாடத்தில் இல்லாத கேள்வி.

குரு சொன்னால் போகத்தான் வேண்டும். போனார்.

நஞ்சப்பன் கட்டிலில் படுத்திருந்தான். இடது காலில் முழங்கால் வரைக்கும் கட்டு. வாசலில் ஏட்டய்யாவைப் பார்த்ததும் எழுந்து உட்காரத் தவித்தான்.

“நான் மடத்துப் பக்கமே வரலீங்க ஏட்டய்யா! யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க. கால் இப்படி இருக்கறப்ப எப்படிங்க வருவேன்?”

“படு, படு. நான் அதுக்கு வரல.”

“பின்ன எதுக்குங்க?”

“எப்படி இருக்கேன்னு கேக்க வந்தேன்.”

நஞ்சப்பன் மனைவியைப் பார்த்தான். மனைவி ஏட்டய்யாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் நம்பவில்லை.

மோரை வாங்கி வைத்துவிட்டு அவள்தான் வாயைத் திறந்தாள்.

“கயிறு கட்டறதுக்கு முந்தி கடையிலயே குடிச்சுப்போட்டு, நாலு பேரோட சத்தம் போட்டுட்டு, ஏழு மணிக்கு வந்து விழுந்துக்குவாருங்க. அறுத்ததுக்கப்பறம் கடைக்குப் போகறதில்லைங்க.”

“நல்லதுதானே?”

“யாராச்சும் பாத்து மடத்துல சொல்லிப்போடுவாங்கன்னு பாட்டிலை வாங்கிட்டுக் கரும்புக்காட்டுக்குள்ள போயிருவாருங்க. தனியா. பங்குனியில பாம்பு கடிச்சுப்போடுச்சு. கத்தியிருக்காரு. யாருக்குக் கேக்கும்? பொழுது விடிஞ்சு தண்ணி பாய்ச்ச வந்தவங்க பாத்துத்தான் உசுரு மிஞ்சுச்சுங்க.”

ஏட்டய்யா அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வழியில் மடத்துக்கே திரும்பிவிடலாமா என்று நினைத்தார். சீட்டு இல்லாத கயிறு மனசில் இடித்தது. விசைத்தறிக் கூடங்களைத் தாண்டி மகள் வீட்டுக்கு நடந்தார்.

துளசிமணி வாசலிலேயே நின்றாள். வாங்க என்று சொல்லவில்லை. தூக்கைப் பார்த்தாள்.

“என்னப்பா அது?”

“மோரு. மடத்தம்மா கொடுத்தனுப்புனாங்க.”

“அஞ்சு மாசம் கழிச்சு வர்றீங்க. மோரு கொண்டாந்திருக்கீங்க.”

அவருக்கு வெட்கமாக இருந்தது. கேட்கச் சொன்னதைக் கேட்டார்.

“மாப்பிள்ளை எப்படி இருக்கார்?”

துளசிமணிக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு படபடவென்று சொன்னாள்.

“குடியை விட்டுட்டாருப்பா. ஞாயித்துக்கிழமையில இருந்து ஒரு சொட்டுத் தொடல. பத்து நாள் தொடாம இருந்தா மாமா மறுபடியும் மடத்துக்குள்ள விடுவாருன்னு அவரா முடிவு பண்ணிட்டாரு. ரெண்டு நாளா ஒரு வாய் திங்கல, கண்ணை மூடல. கை வெடவெடன்னு ஆடுது. செவுத்துல எறும்பு ஊருது, எறும்பு ஊருதுன்னு தட்டிட்டே இருக்காரு. எறும்பே இல்லப்பா.”

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே!”

“கூப்பிட்டேன். அங்க போனா குடிகாரன்னு சொல்லணும், ஏட்டய்யா மாப்பிள்ளைன்னும் சொல்லணும். மாமாவுக்கு இன்னொரு தடவை தலைகுனிவு வேண்டாம்னு கதவைச் சாத்திக்கிட்டாரு.”

ஏட்டய்யா உள்ளே போய்க் கதவைத் தள்ளினார்.

சென்னியப்பன் சுவரைப் பார்த்து நின்றிருந்தான். ஆள் பாதியாகியிருந்தான். திரும்பி மாமனாரைப் பார்த்தான். இரண்டு கையையும் பின்னால் மறைத்துக்கொண்டான்.

“வாங்க மாமா. நான் குடிக்கலீங்க. வேணும்னா ஊதிக் காட்டறேனுங்க.”

ஏட்டய்யா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சென்னியப்பனுக்குக் கண் மேலே செருகியது. உடம்பு விறைத்தது. அப்படியே சாய்ந்தான். தலை தரையில் மோதுவதற்குள் ஏட்டய்யா பிடித்துக்கொண்டார். மோர்த் தூக்கு எங்கே உருண்டது என்று யாரும் பார்க்கவில்லை.

ஆட்டோவில் மாப்பிள்ளையின் தலை மாமனார் மடியில் இருந்தது. பெரியாஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் இன்னொரு தடவை வலிப்பு வந்தது. 

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு. ஊசி போட்டுவிட்டு வெளியே வந்து கேட்டார்.

“எத்தனை வருஷக் குடி?”

“பன்னெண்டு வருஷம் இருக்குங்க.”

“இவ்வளவு நாள் குடிச்ச உடம்பு, வீட்டுல வச்சுச் சட்டுனு நிறுத்துனாத் தாங்காது. ஆளே போயிருக்கலாம். இங்க சேர்த்து, மருந்து கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறக்கணும். நிறுத்தறதுக்கு முன்னாடியே ஏன் கூட்டிட்டு வரல?”

ஏட்டய்யா வார்டுக் கதவையே பார்த்தார்.

“பிழைச்சுக்குவாரா?”

“ரெண்டு நாள் போகட்டும். அப்பறம் சொல்றேன். நீங்க அவருக்கு யாரு?”

“மாமனாருங்க.”

அந்த இரண்டு நாளும் ஏட்டய்யா வார்டு வாசலை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் சென்னியப்பன் கண்ணைத் திறந்து துளசிமணியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். பயமில்லை என்றார் டாக்டரம்மா. அதைக் கேட்ட பிறகுதான் ஏட்டய்யா மடத்துக்குப் போனார்.

பாவாயம்மா அன்றைக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஏட்டய்யா எதிரில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொன்னார். நஞ்சப்பன் காலைச் சொன்னார். எறும்பைச் சொன்னார். ஊதிக் காட்டுகிறேன் என்றானே, அந்த இடத்தில் குரல் உடைந்துவிட்டது.

பாவாயம்மா கீரையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னொண்ணும் சொல்லணுங்கம்மா. இத்தனை நாள் பழைய சாமி போட்ட சட்டம்னு சொல்லிட்டிருந்தேன். அவரு கயிறு கட்டத்தான் சொன்னாரு. அறுத்தவன் உள்ள வராதேன்னு போட்டது நான். அவரு கண்ணு மங்கிப் படுத்திருந்தப்பப் போட்டது.”

“தெரியும்.”

“எப்படிங்க தெரியும்?”

“எந்தச் சாமியாருங்க ஏட்டய்யா ‘நடவடிக்கை எடுக்கப்படும்’னு எழுதுவாரு?”

அழுகைக்கு நடுவில் ஏட்டய்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“பலகையைக் கழட்டிடறேன்.”

“கழட்டுங்க. கழட்டிட்டா அவங்களுக்கு யாரு சொல்றது?”

ஏட்டய்யா யோசித்தார்.

“இப்படிச் செய்யலாமா? ‘எல்லாரும் உள்ளே வரலாம்’னு இன்னொரு பலகை...”

பாவாயம்மா எழுந்தார். உள்ளே போய் வேறொரு தூக்கில் மோரை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

இந்தத் தடவை ஏட்டய்யா கேள்வி கேட்கவில்லை.

அடுத்த பத்து நாளும் வீடு வீடாக நடந்தார். சிலர் கதவைத் திறக்கவில்லை. ஒருவன் மோரை வாங்கி அவர் முன்னாலேயே கொட்டினான். அவர் மறுநாளும் போனார். இன்னொருவன் தனக்கும் மருந்து கொடுப்பார்களா என்று மெதுவாகக் கேட்டான். அவனை அன்றைக்கே ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போய் டாக்டரம்மாவிடம் விட்டார். நஞ்சப்பன், கால் சரியாகும் வரைக்குமாவது குடித்தால் வீட்டுக்குள்ளேயே குடிப்பதாகச் சொன்னான். குடியை விட்டுவிடுகிறேன் என்று சொல்லவில்லை. ஏட்டய்யா அதையும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வந்தார்.

அமாவாசையன்று காலையில் கயிறு கட்டுகிறவர்கள் வரிசையில் நின்றார்கள். நடுவில் ஏட்டய்யா தலையைத் தூக்கினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்ட சென்னியப்பன் கதவுக்கு அந்தப் பக்கம் தெருவில் நின்றிருந்தான். துளசிமணி கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பலகை இல்லை; கதவு விரியத் திறந்துதான் இருந்தது. அவன் வாசலைத் தாண்டவில்லை.

ஏட்டய்யா கயிற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனார். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் உள்ளே வரட்டும் என்று நிற்காமல், அவரே தெருவில் இறங்கி அவனுக்கு முன்னால் நின்றார். ஒரு கயிற்றை எடுத்து நீட்டினார்.

“கட்டிக்கறீங்களா மாப்பிள்ளை?”

சென்னியப்பன் கையை நீட்டினான். பாதியில் நிறுத்திக்கொண்டான். முகம் வேர்த்திருந்தது.

“மாமா, ஒண்ணு கேக்கட்டுங்களா?”

“கேளுங்க.”

“மறுபடியும் அறுத்துட்டேன்னா?”

துளசிமணி அப்பாவின் முகத்தையே பார்த்தாள். ஏட்டய்யா திரும்பிக் குருவைப் பார்த்தார். பாவாயம்மா பந்திக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஏட்டய்யா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பன்னெண்டு மணிக்குச் சாப்பாடு. அறுத்த அன்னிக்கும் பன்னெண்டு மணிக்குத்தான். நேரத்துக்கு வந்துருங்க.”