வாத்துகளுக்குச் சொன்ன ஏரி

நாணல்பேடு ஏரியில் ஒரு தாழைக்கோழி பள்ளிக்கூடம் நடத்திவந்தது. மாணவர்கள் மூன்றே பேர். ஒரு முக்குளிப்பான், ஒரு நண்டு, ஒரு நாமக்கோழி.

முக்குளிப்பான் ஓரிடத்தில் முங்கினால் வேறோர் இடத்தில் தலையைத் தூக்கும். நண்டு சேற்றைத் தோண்டிக்கொண்டே இருக்கும். நெற்றியில் வெள்ளை நாமம் தரித்த நாமக்கோழியோ, ஒருமுறை கேட்டதை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கும். டீச்சருக்கு அதன்மேல்தான் கொள்ளைப் பிரியம்.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில் மீன்கொத்தி பறந்து வந்தது.

"டீச்சர்! சேதி தெரியுமா? ஊசிவால் வாத்துகள் திரும்பி வருதாம்!"

தாழைக்கோழி மேய்வதை விட்டுவிட்டு நிமிர்ந்தது. "யார் சொன்னது?"

"அவங்களோட தூதுவனே சொன்னான். இத்தனை நாள் போன ஏரியை யாரோ மண் கொட்டித் தூர்த்துட்டாங்களாம். நம்ம ஏரி எப்படி இருக்குன்னு கேட்டுத் தெரிஞ்சுக்க நாலாம் நாள் இங்கே வர்றான். பிடிச்சிருந்தா கூட்டம் இறங்கும். இல்லைன்னா தெற்கே போயிடும்."

"என் சிநேகிதி சாம்பல்மூக்கி? அவளும் கூட்டத்துல இருக்காளா?"

"அவங்கதான் இப்போ தலைவியாம்!"

தாழைக்கோழி நாணலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அந்த நாட்களில் கார்த்திகை பிறந்தால் வானத்தில் ஓர் இரைச்சல் கேட்கும். மழையோ என்று எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். மழை இல்லை, சிறகுகள்! மேற்கு மூலையில் தாமரைகளுக்கு நடுவே வாத்துகள் இறங்கும். முதலில் இறங்குவது சாம்பல்மூக்கிதான். "என்ன அக்கா, இளைச்சுப் போயிட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே வரும். பங்குனி வரைக்கும் இரண்டும் ஒன்றாக மேயும். ஒரு வருடம் மழை பொய்த்தது. ஏரி வெடித்துப் போனது. வாத்துகள் வரவில்லை. அடுத்த வருடம் மழை வந்தும் வாத்துகள் வரவில்லை. அதற்கடுத்த வருடமும் அப்படித்தான். அந்த மூலையைப் பார்த்தால் மனசு கனக்கிறது என்று தாழைக்கோழி மூன்று வருடமாக அந்தப் பக்கமே போகவில்லை.

இப்போது சாம்பல்மூக்கி வருகிறது. வந்தும் பிடிக்காமல் போய்விட்டால்? தாழைக்கோழிக்கு அன்று ஒரு நத்தைகூட உள்ளே இறங்கவில்லை.

அது உடனே வகுப்பைக் கூட்டியது.

"பிள்ளைகளா! நீங்க மூணு பேரும் ஏரியை ஆராயணும். தூதுவன் முன்னாடி நின்னு எடுத்துச் சொல்லணும். முக்குளிப்பான், நீ மேற்கு மூலை. அங்கே தெளிஞ்ச தண்ணி, கரை வரைக்கும் தாமரை. போய்ப் பார்த்துட்டு வா. நண்டு, நீ தெற்கு மூலை. நாமக்கோழி, நீ என்கூடவே இரு. பேசப்போறது நீதான்."

முக்குளிப்பான் மதியத்துக்குள் திரும்பியது.

"டீச்சர், அங்கே தாமரை இல்லை. எல்லாம் ஆகாயத்தாமரை. மேலே பச்சைப் பசேல்னு இருக்கு. அடியில் ஒரே இருட்டு. யாரோ விட்டுட்டுப் போன கிழிஞ்ச வலை வேற தொங்குது. என் காலே மாட்டிக்கிச்சு!"

"நீ வேற எங்கேயோ போயிருக்கே. மேற்கு எது, கிழக்கு எதுன்னு தெரியாதா? நாளைக்குச் சரியா பார்த்துட்டு வா!"

மறுநாளும் முக்குளிப்பான் போனது. மறுநாளும் அதையே சொன்னது.

"கண்ணைத் திறந்து பாருடா! அந்த மூலையை எனக்குத் தெரியாதா? நான் பொறந்ததே அங்கேதான்!"

மூன்றாம் நாள் முக்குளிப்பான் எங்கும் போகவில்லை. பொழுதெல்லாம் நாணலுக்குள் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தது.

"தாமரை இருக்கு டீச்சர். கரை வரைக்கும் இருக்கு."

"அப்படிச் சொல்லு!" தாழைக்கோழி மகிழ்ந்துபோய் அதற்கு ஒரு நத்தை கொடுத்தது.

நண்டு தன் கொடுக்கில் எதையோ தூக்கிக்கொண்டு வந்தது.

"டீச்சர்! தெற்கே கரை உடைஞ்சு பழைய வயல் முழுக்கத் தண்ணி பரவிடுச்சில்ல? கொக்கோட முழங்கால் அளவுதான் ஆழம். தோண்டின இடமெல்லாம் கோரைக்கிழங்கு! இதோ பாருங்க!"

"சீ! அந்தச் சேத்தையா சொல்லப்போறே? விருந்தாளி வர்ற நேரத்துல குப்பை மேட்டைக் காட்டுவாங்களா? வாயைத் திறக்காதே!"

நண்டு கிழங்கை மெல்லக் கீழே வைத்தது.

நாலாம் நாள் தூதுவன் வந்தான். இளம் வாத்து. இந்த ஏரியை அவன் பார்த்ததே இல்லை. ஏரியில் இருந்த கொக்கும் தவளையும் ஆமையும் கரையில் கூடின. நாமக்கோழி ஒரு கல்லின்மேல் ஏறி நின்று கழுத்தை நீட்டியது.

"எங்கள் ஏரி அழகிய ஏரி! மேற்கு மூலையில் தெளிந்த நீர்! விடியும்போது ஆயிரம் தாமரைகள் ஒன்றாக மலரும். இலைமேல் விழும் தூறல் முத்துப்போல உருளும். வாத்துகள் வந்து இறங்கும்போது மலர்கள் இருபுறமும் ஒதுங்கி வழிவிடும்!"

கிழ ஆமை கண்ணைத் துடைத்துக்கொண்டது. "அப்படியேதான் இருந்துச்சு," என்று முனகியது.

தூதுவனும் சொக்கிப்போனான். "எங்க தலைவியும் வழியெல்லாம் இதையேதான் சொன்னாங்க! ஒரே ஒரு சந்தேகம். தாமரைக் கொடி காலைச் சுத்துமா, சுத்தாதா?"

நாமக்கோழி விழித்தது. "அது... பாடத்துல இல்லை."

"பாடம் கிடக்கட்டும். நீ தாமரைக்குள்ள நீந்தியிருக்கியா?"

"இல்லை."

"பார்த்திருக்கியா?"

"டீச்சர் பார்த்திருக்காங்க!"

தவளைகள் கொல்லென்று சிரித்தன. தூதுவன் சிரிக்கவில்லை. நாமக்கோழியின் பார்வை போன பக்கம் நின்ற முக்குளிப்பானைப் பார்த்தான். "மேற்கு மூலைக்குப் போனது நீதானே? நீ என்ன பார்த்தே?"

முக்குளிப்பான் டீச்சரைப் பார்த்தது. பிறகு தன் காலைத் தூக்கிக் காட்டியது. விரலைச் சுற்றி நைலான் நூல் அறுத்த தழும்பு சிவப்பாக இருந்தது.

"முதல் நாள் தாமரை இல்லை, இதை அறுத்த வலையைத்தான் பார்த்தேன். ரெண்டாம் நாளும் அதையே பார்த்தேன். மூணாம் நாள் பார்க்கவே போகலை. அன்னைக்குத்தான் டீச்சர் சரின்னாங்க."

தாழைக்கோழி அந்தத் தழும்பையே பார்த்தது. மூன்று நாளாக அது அந்தக் காலில்தான் இருந்தது.

அப்போது வானத்தில் ஓர் இரைச்சல் கேட்டது. மழை இல்லை.

"ஐயோ!" தூதுவன் அலறினான். "தலைவிக்குப் பொறுமை இல்லை! என் சேதிக்குக் காத்திருக்காமலே கூட்டத்தைக் கிளப்பிட்டாங்க! பழைய இடத்துலதான் இறங்குவாங்க!"

வாத்துகள் மேற்கு மூலைக்குமேல் வட்டமிட்டன. மேலிருந்து பார்த்தால் பச்சைப் பசேல் என்று இருந்தது. சாம்பல்மூக்கி கால்களை நீட்டித் தாழ்ந்தது.

தாழைக்கோழி ஓடியது. அதற்கு அவ்வளவாகப் பறக்க வராது. இறக்கையை அடித்துக்கொண்டு தண்ணீர்மேல் ஓடியது, ஆகாயத்தாமரைமேல் ஏறி ஓடியது. "இறங்காதே! சாம்பல்மூக்கி, இறங்காதே! அடியில வலை! வராதே, வராதே!"

நடுவில் அதன் விரல் எதிலோ சிக்கியது. விழுந்தது. விழுந்த இடத்திலிருந்தும் கத்தியது.

தண்ணீருக்கு ஒரு முழம் மேலே சாம்பல்மூக்கி சிறகை விரித்து எழும்பியது. கூட்டம் முழுக்க அதன் பின்னால் எழும்பியது.

"தெற்கே! தெற்கே போங்க!" கரையிலிருந்து நண்டு இரண்டு கொடுக்குகளையும் தூக்கிக் காட்டியது. யாரும் அதனிடம் வாயை மூடு என்று சொல்லவில்லை. தூதுவன் முன்னால் பறந்து வழிகாட்டினான்.

முக்குளிப்பான் முங்கிப் போய், தாழைக்கோழியின் விரலில் சுற்றியிருந்த நூலை அடியிலிருந்து ஒவ்வொரு சுற்றாக இழுத்துவிட்டது.

"நீ சொன்னே," என்றது தாழைக்கோழி.

"ஆமா டீச்சர். காலை ஆட்டாதீங்க."

தெற்கு மூலையில் வாத்துகள் இறங்கிவிட்டிருந்தன. தலையைத் தண்ணீருக்குள் விட்டுக் கிழங்கு தேடின. அவற்றின் வால்கள் நட்டுவைத்த ஊசிகளைப்போல வானத்தைப் பார்த்து நின்றன. தாழைக்கோழி நொண்டிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தது.

"என்ன அக்கா, இளைச்சுப் போயிட்டீங்க?" என்றது சாம்பல்மூக்கி. "முன்னெல்லாம் வா வான்னு கத்துவீங்க. மூணு வருஷம் கழிச்சு வந்தா, வராதேன்னு கத்துறீங்களே!"

தாழைக்கோழிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அந்தத் தாமரை எல்லாம் போயிடுச்சுடி."

"நானும் வழி முழுக்க அந்தத் தாமரையைப் பத்தியேதான் கூட்டத்துக்குச் சொல்லிட்டு வந்தேன், அக்கா. விசாரிச்சுட்டு வான்னு ஆளை அனுப்பிட்டு, எனக்கே எல்லாம் தெரியும்னு கிளம்பிட்டேன்."

இரண்டும் கொஞ்ச நேரம் மேற்குப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. இருந்தாலும் பார்த்தன. பிறகு சாம்பல்மூக்கி ஒரு கோரைக்கிழங்கைக் கடித்துப் பாதியை நீட்டியது.

"சாப்பிடுங்க. இது மட்டும் அதே ருசி."

மறுநாள் வகுப்பு நடந்தது. தாழைக்கோழி நண்டின் கிழங்கை எடுத்துக் கல்லின்மேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தது.

"கிழக்குக் கரையில் என்ன இருக்கு, டீச்சர்?" என்று கேட்டது நாமக்கோழி, ஒப்பிக்கத் தயாராக.

"எனக்குத் தெரியாது," என்றது தாழைக்கோழி. "போய்ப் பார்த்துட்டு வந்து நீதான் எனக்குச் சொல்லணும்."

நாமக்கோழி திகைத்து நின்றது. பிறகு முதன்முறையாகத் தனியாக நீந்திப் போனது.

விடையை முன்பே வைத்துக்கொண்டு தேட அனுப்புகிறவருக்கு, எதிரே கொண்டுவந்து காட்டிய உண்மையும் கண்ணில் படாது.