இருபத்து மூன்றுக்குப் பூஜ்யம்

ஜப்பானில் ரயில்கள் கரிப்புகை விட்டுக்கொண்டு ஓடிய காலத்தில் தனபே என்றொரு பேஸ்பால் நடுவர் இருந்தார். பன்னிரண்டு வருடம் ஆட்டக்காரராக இருந்து, முழங்கால் கெட்டபின் நடுவரானவர். தலைமை நடுவர் ஒகுமுராவிடம் தொழில் கற்றுக்கொண்டார். ஒகுமுரா அவரைவிட நான்கு வயது இளையவர். இருந்தாலும் தனபே அவரை "ஆசானே" என்றுதான் அழைப்பார். ஆட்டக்காரர்கள் கேலி செய்தால் காதில் வாங்கமாட்டார்.

மட்டையாளருக்குப் பின்னால் குனிந்து நின்று ஒவ்வொரு பந்துக்கும் தீர்ப்புச் சொல்வது தலைமை நடுவரின் வேலை. தனபே ஆறு வருடமாகத் தூரத்தில், ஓடுபவர்கள் தொட்டுச் செல்லும் மூன்றாம் தளத்தருகே நின்றுகொண்டிருந்தார். ஒருநாள் ஒகுமுரா தன் இடத்தை அவருக்குக் கொடுத்தார்.

"இன்று ஒரு ஆட்டம் நில்லுங்கள். சரியாக வந்தால் இந்தப் பருவம் முழுக்க இந்த இடம் உங்களுக்கு. இல்லையென்றால் பழைய இடம்."

அன்று துறைமுக அணியும் நூற்பாலை அணியும் மோதின. நான்காவது சுற்றிலேயே ஆட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மற்ற வீச்சாளர்களை நாளைக்கு மிச்சம் பிடிக்க, நூற்பாலை மேலாளர் ஒருவரையே கடைசிவரை அடி வாங்க விட்டார். ஒன்பதாவது சுற்றில், அதாவது கடைசிச் சுற்றில், துறைமுக அணி இருபத்து மூன்று ஓட்டம். நூற்பாலை அணி பூஜ்யம்.

வானம் இருட்டியிருந்தது. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் கிளம்பியிருந்தார்கள். நூற்பாலை அணியில் இருவர் அவுட். இன்னும் ஒருவர் ஆட்டமிழந்தால் எல்லோரும் போகலாம். குரோகி என்ற மாற்று ஆட்டக்காரர் மட்டையோடு வந்தார். அந்தப் பருவத்தில் அவருக்கு அதுதான் முதல் ஆட்டம்.

தனபேயின் முன்னால் குந்தியிருந்த துறைமுக அணியின் பந்து பிடிப்பவர் திரும்பாமலே சொன்னார்.

"தனபே அண்ணே, ஆறு மணி ரயிலை விட்டால் அடுத்தது எட்டரைக்கு."

தனபே அவரை வாயை மூடச் சொன்னார்.

"பந்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே. ரயிலைப் பற்றித்தானே சொன்னேன்."

குரோகி மட்டையை வீசி இரண்டு பந்துகளைத் தவறவிட்டார்; மூன்று தவறினால் அவுட். மூன்றாவது, தரையில் பதித்த ஐந்து மூலை வெள்ளைத் தட்டுக்கு இரண்டு விரல் அகலம் வெளியே போயிற்று. தட்டுக்கு மேலே வராத பந்தை விட்டால் தவறாகாது என்பதால் குரோகி அதை அடிக்காமல் விட்டார். தனபே வலது கையை உயர்த்தினார். ஸ்ட்ரைக், அதாவது மூன்றாவது தவறு. ஆட்டம் முடிந்தது.

யாரும் மறுக்கவில்லை. தோற்ற அணியின் மேலாளரே வந்து குனிந்து நன்றி சொன்னார். குரோகி மட்டும் பந்து போன இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

உடை மாற்றும் அறையில் ஒகுமுரா சொன்னார்: "நாளை நீங்கள் மூன்றாம் தளத்துக்கு."

தனபே துண்டைக் கீழே வைத்தார். அந்தக் கடைசிப் பந்தா என்று கேட்டார். ஒகுமுரா வாருங்கள் என்று மைதானத்துக்கு அழைத்துப்போனார். தூறல் ஆரம்பித்திருந்தது. மட்டையாளர் நிற்கும் இடத்தில் குனிந்து தரையில் தேடினார். வெள்ளைத் தட்டு மண்ணுக்குள் இருந்தது. ஓர் ஓரம்கூடத் தெரியவில்லை.

"இதை எப்போது துடைத்தீர்கள்?"

தனபே யோசித்தார். "ஐந்தாவது சுற்றில். பிறகு… தேவைப்படவில்லை."

ஒகுமுரா சட்டைப்பையிலிருந்து சிறிய தூரிகையை எடுத்துத் தட்டைத் துடைக்கத் தொடங்கினார். தனபேயால் பொறுக்க முடியவில்லை.

"ஆசானே, இருபத்து மூன்று ஓட்ட வித்தியாசம். அது வெளியேதான் போயிற்று, ஒப்புக்கொள்கிறேன். ஆறு வருடம் காத்திருந்தேன். ஒரே ஒரு பந்துக்காகவா என்னைத் திருப்பி அனுப்புகிறீர்கள்?"

ஒகுமுரா நாலு மூலையும் துடைத்து, ஐந்தாவது மூலையையும் துடைத்துவிட்டு எழுந்தார்.

"பந்துக்காக இல்லை. ஐந்தாவது சுற்றோடு நீங்கள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு நான்கு சுற்று இங்கே நடுவர் இல்லாமல் நடந்திருக்கிறது."